டிஷ்யூ பாக்கெட்

கிம் மோ உணவங்காடி, பன்னிரண்டே கால்.
ஒரு மேசை, நாலு நாற்காலி,
நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட்.
ஆள் இல்லை.
யாரும் உட்காரவும் இல்லை.

பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு
இடம் பிடித்தவர்களுக்குப் புரியும்.
எங்கும் எழுதி வைக்காத சட்டம்.
பாக்கெட்டுக்குள் எட்டுத் தாள்தான்,
அதற்குப் பயந்து
மீ கோரெங் தட்டோடு நிற்கிறேன்.

நிற்கும்போது நினைத்தது மூன்றாம் எண்ணை.

பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு பிறவியிலேயே வந்துவிடும்:
கேட்க ஒன்று, சொல்ல ஒன்று, புலம்ப ஒன்று.
மூன்றிலிருந்துதான் ஒரு நிரலுக்குச் சொந்த வாழ்க்கை.
திற என்றால் கெர்னல் ஒரு சின்ன எண்ணை நீட்டும்.
பின்னால் இருப்பது கோப்பா, குழாயா,
கடலுக்கு அப்பால் ஒரு கணினியா,
வாங்கியவனுக்குக் கவலையில்லை.
வாசி என்பான், எழுது என்பான், மூடு என்பான்.
என் மூன்று வேறு, உன் மூன்று வேறு,
எல்லா பிளாக்கிலும் மூன்றாம் மாடி இருக்கிறதே
அப்படி.

ஆறு வாரமாக நானும் ஃபைருஸும் கேட்பது ஒன்றுதான்.
அந்த எண்ணுக்குப் பின்னால்
நாங்கள் நிற்கக் கூடாதா?
கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக,
வாசி என்றால் நாங்கள் கொடுப்போம்,
எழுது என்றால் நாங்கள் வாங்கிக்கொள்வோம்.
அதுவரை எளிது.

மாட்டிக்கொண்டது 'காத்திரு'வில்.
ஒருவன் பத்து எண்களைக் கொடுத்து
எது தயாரானாலும் எழுப்பு என்று தூங்கப் போகிறான்.
ஒன்பதின் சங்கதி கெர்னலுக்குத் தெரியும்.
பத்தாவது என்னுடையது.
சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்பார்கள்.
இங்கே பூசாரி தயார்.
சாமிக்குத்தான் அவன் முகம் தெரியாது.

ஃபைருஸின் யோசனை: ஒரு பொய் எண்.
உள்ளே ஒன்றுமில்லை, தொட்டால் விழிக்கும், அவ்வளவே.
மால் உணவுக்கூடத்தில் கையில் தரும் பஸர் மாதிரி.
"போதாதா?"
போதாது, ஃபைருஸ்.
பஸர் 'வா' என்று மட்டும் சொல்லும்.
கோழி தீர்ந்தது என்று சொல்லாது.
கடையையே மூடிவிட்டோம் என்று
சொல்லவே சொல்லாது.

பன்னிரண்டு நாற்பது.
தட்டு எடுக்கும் ஆன்ட்டி வந்தாள்.
பாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஆறிப்போன மீயைப் பார்த்தாள்.
பாக்கெட்டை ஏப்ரனில் போட்டாள்,
ஈரத்துணியால் ஒரே இழுப்பு.
"டூடோக் லா."
அந்தக் குரலுக்கு மேல்முறையீடு கிடையாது.

உட்கார்ந்தேன்.
ஒரு கையில் முள்கரண்டி, மறுகையில் ஃபோன்.
ஃபைருஸுக்கு அனுப்பினேன்:
எண்ணுக்கு இரண்டு முனை வை.
தயாரா இல்லையா என்று நம் முனை சொல்லும்.
நாம் செத்தால், காத்திருப்பவனை எழுப்பி
இனி ஆள் இல்லை என்று கெர்னல் சொல்லட்டும்.
செத்தவன் தன் சாவைத் தானே அறிவிக்க முடியாது.

அனுப்பிய சூட்டில் நிமிர்ந்தால்
மேசையருகே ஒரு பையன்.
முகமெல்லாம் வியர்வை, இரண்டு கையிலும் லக்சா.
லக்சா கடை வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது,
இப்போதுதான் பார்க்கிறேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
துடைத்த மேசையின் நடுவைப் பார்த்தான்.

என் தட்டை ஓரம் நகர்த்தினேன்.
கீழே இன்னொரு வரி அனுப்பினேன்:
மெதுவாக வருகிறவனையும் செத்தவனையும்
வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது?
கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதே.

ஆன்ட்டி அடுத்த மேசையிலிருந்து திரும்பினாள்,
ஏப்ரனுக்குள் கைவிட்டு
அதே பாக்கெட்டை எடுத்து
அவன் கிண்ணத்தருகே வைத்துவிட்டுப் போனாள்.
ஒரு தாளை உருவி அவன் நெற்றியைத் துடைத்தான்.
இன்னொன்றை என் பக்கம் தள்ளினான்.